மேட்ச் முடிஞ்சப்புறம் எங்க சாப்பிட்டீங்க?

பதினெட்டு வருஷமா டாக்குமெண்டரி ப்ரொட்யூசரா வேலை பாக்கறேன். பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கதைங்கதான், அதுலயும் யார் ஜெயிச்சாங்க யார் தோத்தாங்கன்றத விட அந்த ஆட்டக்காரர் எந்தத் தெருவுலேர்ந்து வந்தாரு, என்ன ஜாதி, என்ன நிறம், அதுக்காக அவரை என்ன பாடு படுத்துனாங்க, இந்த மாதிரி விஷயம். புதுசா இந்த வேலைக்கு வர்ற பசங்க எல்லாரும் என்ன கேமரா வாங்கலாம், ஃபண்டிங் எங்க கிடைக்கும்னுதான் கேக்கறாங்க, அதையும் சொல்றேன், ஆனா இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டதுல உருப்படியானது ஒரே ஒரு கேள்விதான். மேட்ச் முடிஞ்சப்புறம் எங்க சாப்பிட்டீங்க? அது எனக்கு எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது நான் பண்ணின ஒரு தப்புலேர்ந்து வந்தது.

என்னோட முதல் படம், முப்பது நிமிஷம், ஒரு சேனலுக்காகப் பண்ணது, வியாசர்பாடி ஃபுட்பால் பசங்களைப் பத்தி. வடசென்னைல ஃபுட்பால், கேரம், பாக்ஸிங் இதெல்லாம் பொழுதுபோக்கு கிடையாது. ரயில்வேயோ ஹார்பரோ போலீஸோ, ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேலை கிடைச்சுட்டா அந்தக் குடும்பமே கரையேறிடும். மரியா இருதயம் 1991லயும் 1995லயும் கேரம்ல உலக சாம்பியன் ஆனாரே, 2024ல அமெரிக்கா போய் மூணு தங்கத்தோட வந்துச்சே காசிமா, ஆட்டோ ஓட்டறவர் பொண்ணு, எல்லாம் இந்த ஊர்க்காரங்கதான். எங்கப்பா ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப்ல வேலை பாத்தவரு, நான் பெரம்பூர்ல வளர்ந்தவ, அதனால இந்த ஏரியா எனக்கு அத்துபடின்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்.

ஒரு பையன், பத்தொன்பது வயசு, ஸ்ட்ரைக்கர். அவங்க வீட்டுக்குள்ள ஷூட். அவங்கம்மா முந்தின நாளே வீட்டை ஒழிச்சு, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சு, கட்டிலுக்குப் புது பெட்ஷீட் போட்டு, பையன் வாங்கின கப்பு எல்லாத்தையும் துடைச்சு டிவி மேல வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. நாங்க நாலு பேர் உள்ள போனதும் தட்டுல நாலு எவர்சில்வர் டம்ளர்ல காபி கொண்டு வந்தாங்க. கேமராமேன் லைட் போயிடும்ங்கறாரு, சவுண்ட் பாக்கற பையன் கை ரெண்டுலயும் வயர், நான் "வேணாம்மா, இப்பதான் குடிச்சுட்டு வந்தோம், டைம் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டு, தொண்டை வறண்டு போயிருந்ததால பையிலேர்ந்து தண்ணி பாட்டிலை எடுத்து அவங்க முன்னாடியே குடிச்சேன். அந்தக் காபி ஸ்டூல் மேலயே ஆடை கட்டி இருந்துச்சு, அப்புறம் ஃப்ரேம்ல தெரியுதுன்னு நானே எடுத்து ஓரமா வச்சேன்.

அன்னிக்கு அந்தப் பையன் எது கேட்டாலும் ஒரு வரிதான் பதில். டீம் செலக்‌ஷன்ல ஜாதி பாப்பாங்களான்னு கேட்டேன், அப்படில்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஏரியா பேரைச் சொன்னா எப்படி நடத்துவாங்க? நல்லாத்தான்க்கா. நானும் பையன் கேமரா பாத்து பயப்படறான்னு முடிவு பண்ணிட்டேன். எடிட்ல சேனல்காரங்க இன்னும் கொஞ்சம் "எமோஷன்" வேணும்னாங்க, வீட்டுக்குள்ள எடுத்த ஷாட் பாதி போச்சு, வெளில ஓடற சாக்கடையை ஸ்லோ மோஷன்ல போட்டு கீழ சோக மியூசிக் வச்சாங்க, நான் சண்டை போடல, கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். டெலிகாஸ்ட் ஆன மறுநாள் அந்தம்மா போன் பண்ணாங்க. கத்தல, திட்டல. "வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டு வெளில இருக்கற சாக்கடைய மட்டும் காட்டிட்டியேம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்தக் குரல் இன்னும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு.

ஆறு வருஷம் கழிச்சு அந்தப் பையனை பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு டீக்கடைல பாத்தேன், ரயில்வேல வேலை கிடைச்சிருந்துச்சு, கல்யாணமும் ஆயிடுச்சு. மன்னிப்பு கேட்டேன், அந்த சாக்கடை ஷாட்டுக்காக. அவன் சொன்னான், "அது கூட பரவால்லக்கா, நீங்க எங்கம்மா குடுத்த காபியைத் தொடலையே, அன்னிக்கு நைட்டெல்லாம் அவங்க அதைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க." அதுக்கப்புறம் தானா சொல்ல ஆரம்பிச்சான், ஒரு தடவை வெளி மாவட்டத்துல டோர்னமெண்ட் போனப்ப செமி ஃபைனல் ஜெயிச்சுட்டு எல்லா டீமும் ஒரே பந்தல்ல சாப்பிட உக்காந்தாங்களாம், எந்த ஏரியா பசங்கன்னு யாரோ விசாரிச்சப்புறம் இவங்க வரிசைக்கு மட்டும் பேப்பர் கப்புல தண்ணி வந்துச்சாம், மத்தவங்களுக்கு டம்ளர். யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல, சிரிச்சுட்டேதான் பரிமாறினாங்களாம். இரட்டைக் குவளைன்னு நாம படிச்சதெல்லாம் டீக்கடைலதான்னு நெனச்சுட்டு இருந்தேன். ஆறு வருஷம் முன்னாடி ரெண்டு மணி நேரம் கேமரா வச்சு கேட்டும் வராத கதை, அந்தக் கடைல பத்து நிமிஷத்துல வந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி கிளாஸ்ல டீ குடிச்சிட்டு இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பல்வங்கர் பாலுவைப் பத்தி முன்னாடி எடுத்து வச்சிருந்த குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். தார்வாட்ல பிறந்த தலித் கிரிக்கெட்டர், பூனால ஐரோப்பியர்கள் கிளப்புல மாசம் நாலு ரூபாய்க்கு பிட்ச் பராமரிக்கற வேலைல இருந்தவரு, வெள்ளைக்காரங்க பேட்டிங் பழக மணிக்கணக்கா பந்து போட்டே பெரிய லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர் ஆனவரு. 1911ல இந்திய டீம் இங்கிலாந்து போனப்ப அந்த ஒரு டூர்ல மட்டும் 114 விக்கெட். அப்ப மத வாரியா டீம் பிரிச்சு ஆடுவாங்க, இந்து டீமுக்கு அவரு பௌலிங் வேணும், ஆனா டீ இடைவேளைல டீம்காரங்க பவிலியன் உள்ள பீங்கான் கப்புல குடிப்பாங்க, இவருக்கு வெளில, தூக்கிப் போடற மண் குவளைல. கேப்டன் பதவி கடைசி வரைக்கும் அவருக்குத் தரல, 1923ல அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைச்சுது. இதெல்லாம் எனக்கு ஏற்கனவே தெரிஞ்ச தகவல்தான். ஆனா நூறு வருஷம் தள்ளி அதே மண் குவளை பேப்பர் கப்பா மாறி நம்ம பந்தலுக்கு வந்திருக்குன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

அதுக்கப்புறம் எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் முதல்ல மேட்ச் முடிஞ்சப்புறம் என்ன நடந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அமெரிக்கக் கருப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்ல நாலு தங்கம் வாங்கினதை எல்லாரும் சொல்வாங்க, ஹிட்லர் முகத்துல கரி பூசினாருன்னு. அவர் நியூயார்க் திரும்பி வந்தப்ப வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்ல அவருக்காகவே நடந்த விருந்துக்கு, சாமான் ஏத்தற லிஃப்டுல மேல போகச் சொன்னாங்க. இன்னொரு கருப்பர் ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 புரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்கு இறங்கி பேஸ்பால்ல நிறவெறியை உடைச்ச நாள்னு கொண்டாடறாங்க, அடுத்த மாசமே ஃபிலடெல்ஃபியால அவர் இருக்காருங்கற காரணத்துக்காக டீமுக்கு ஹோட்டல்ல ரூம் தர மாட்டேன்னுட்டாங்க. தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்துல பாப்வா சீகோலம்னு ஒரு கோல்ஃப் ப்ளேயர், இந்திய வம்சாவளி, ஏழைக் குடும்பம், கோல்ஃப் ஆடறவங்களுக்கு மட்டைப் பை தூக்கற வேலை பாத்துக் கத்துக்கிட்டவர், பள்ளிக்கூடம் போனதில்ல, கையைத் தலைகீழா மாத்திப் பிடிச்சு ஆடுவாரு. 1963ல நேட்டால் ஓபன் ஜெயிச்சாரு. நிறவெறிச் சட்டப்படி கிளப் ஹவுஸ் உள்ள அவர் கால் வைக்கக் கூடாது, வெள்ளைக்காரங்க எல்லாம் உள்ள இருக்க, ஜெயிச்ச ஆள் வெளில மழைல நின்னு கப்பு வாங்கினாரு. அந்தச் செய்தி உலகம் பூரா போச்சு, தென்னாப்பிரிக்காவை விளையாட்டுலேர்ந்து ஒதுக்கணும்னு கேட்டவங்களுக்கு அது பெரிய ஆயுதமா ஆச்சு. எத்தனை ஸ்ட்ரோக்ல ஜெயிச்சாருன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, மழைல நின்னதுதான் நிக்குது.

அதனால இண்டர்வியூ எடுக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், "நீங்க பாகுபாட்டை அனுபவிச்சிருக்கீங்களா"ன்னு நேரா கேக்காதீங்க. அதுக்கு ஆமான்னு சொல்றது எவ்வளவு பெரிய சுமைன்னு யோசிச்சுப் பாருங்க, கோச் இருக்காரு, அசோசியேஷன் இருக்கு, நாளைக்கு செலக்‌ஷன் இருக்கு. எங்க சாப்பிட்டீங்க, பஸ்ல யார் பக்கத்துல உக்காந்தாங்க, ஷூ யாருது, ஜெர்சி யார் துவைச்சாங்க, ஹாஸ்டல்ல யார்கூட ரூம், இப்படிக் கேளுங்க. சாப்பாட்டைப் பத்தி பேச யாருக்கும் பயம் இல்ல, பேசிட்டே வரும்போது அவங்களே ஒரு இடத்துல நிப்பாங்க. அங்க நீங்க பேசாதீங்க. அடுத்த கேள்வி கைல இருந்தாலும் வாயைத் தொறக்காம மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நான் பண்ணின எல்லாப் படத்துலயும் நல்ல இடம் எல்லாமே அந்தப் பத்து எண்ணிக்கைக்குள்ள வந்ததுதான். அப்புறம் முக்கியமா, குடுக்கறதைச் சாப்பிடுங்க. என் க்ரூல இப்ப இது ரூல், எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் அரை மணி நேரம் கேமரா பை ஜிப்பைத் தொறக்கக் கூடாது, அந்த வீட்டுத் தண்ணியைக் குடிக்கணும். லைட் போனா போகட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, கேக்கவே கூடாத கேள்வின்னும் இருக்கு. 2006 டிசம்பர்ல தோஹா ஆசிய விளையாட்டுல புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க, செங்கல் சூளைல வேலை பாத்த அப்பா அம்மாவோட பொண்ணு. பாலினச் சோதனைல தோத்துட்டாங்கன்னு மெடலைப் பிடுங்கினாங்க. அந்த வாரம் டிவில ஓடினது எல்லாம் அவங்க உடம்பைப் பத்தி. நான் அப்ப காலேஜ் முடிக்கப் போற வருஷம், ஹாஸ்டல் டிவில பாத்துட்டு இருந்தேன், அந்தப் பொண்ணோட அம்மாவும் இதைப் பாத்துட்டு இருப்பாங்களேன்னு தோணுச்சு. இந்த வேலைக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். யார் கதையா இருந்தாலும், இது அவங்க வீட்டு ஹால்ல ஓடும்போது அவங்க தலை நிமிர்ந்து உக்காந்திருப்பாங்களான்னு எடிட் டேபிள்ல ஒரு தடவை கேட்டுக்கறேன்.

நிறம் பத்தி ஒரு படம் பண்ணலாம்னு ஐடியாவைக் கொண்டு போனப்ப, எந்தப் படத்துக்குக் காசு குடுக்கலாம்னு முடிவு பண்ற ஒரு கமிஷனிங் எடிட்டர் சொன்னாரு, ரேஸ் எல்லாம் அமெரிக்கா விஷயம், இங்க எடுபடாதுன்னு. நான் மூணு பேரைச் சொன்னேன். 2017ல அபினவ் முகுந்த் சின்ன வயசுலேர்ந்து தன் நிறத்தைக் கேலி பண்றாங்கன்னு வெளிப்படையா எழுதினாரு. 2021ல எல். சிவராமகிருஷ்ணன் வாழ்நாள் பூரா, சொந்த நாட்டுலயே நிறத்தால தன்னை ஒதுக்கினாங்கன்னு சொன்னாரு. 2020ல டேரன் சாமி ஐபிஎல்ல தன்னைக் கூப்பிட்ட "காலு"ங்கற வார்த்தைக்கு, ஹிந்தில கருப்பன்னு கேலி பண்றது, என்ன அர்த்தம்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுதுன்னு சொன்னாரு. ஒருத்தர் ஓப்பனர், ஒருத்தர் பதினேழு வயசுல டெஸ்ட் ஆடின லெக் ஸ்பின்னர், ஒருத்தர் ரெண்டு டி20 உலகக் கோப்பை ஜெயிச்ச கேப்டன். இதுக்கு மேல இங்க என்ன எடுபடணும்? அங்க அது நடக்கல, அந்தப் படம் வேற இடத்துல நடந்துச்சு.

அந்தப் படத்துலதான் கலர் கிரேடிங், அதாவது எடுத்த ஷாட்டோட நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டர்ல சரி பண்றது, அதைப் பத்தி ஒண்ணு கத்துக்கிட்டேன். ஒரு அத்லெட் பையன், நல்ல கருப்பு, விளக்கெண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருக்கற தோல். கிரேடிங் பண்றவர் பழக்க தோஷத்துல முகத்தை மட்டும் தனியா பிடிச்சு வெளிச்சத்தை ஏத்திட்டாரு. பையனைக் கூட்டிட்டு வந்து மானிட்டர்ல காட்டினேன், கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவா, "நான் இவ்ளோ கலரா இல்லையேக்கா"ன்னான். நம்ம ஊர்ல கலர்னாலே வெளுப்புன்னு ஆகிப்போச்சு பாருங்க. மொத்தத்தையும் திரும்பப் பண்ணோம். அந்தக் காலத்துல கோடாக் கம்பெனி போட்டோ லேப்களுக்கு நிறம் சரியா இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்க அனுப்பின ஷர்லி கார்டுல வெள்ளைக்காரப் பொண்ணு முகம்தான் இருக்கும், அந்த முகம் சரியா வந்தா பிரிண்ட் சரி. அந்தப் பழக்கம் இன்னும் கண்ணுலயே இருக்கு. கருப்பான முகத்தை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஏத்தறதை விட, பக்கவாட்டுல பெரிய சாஃப்ட் லைட் வைங்க, ஒரு வெள்ளைத் துணி கட்டினாலே போதும், தோல்ல ஒளி வழுக்கிட்டுப் போற இடம் தெரியணும். பின்னாடி வெள்ளைச் சுவரு வேணாம்.

பணத்தைப் பத்தி சுருக்கமா. ஸ்போர்ட்ஸ் படத்துல பட்ஜெட்டை முழுங்கறது ஃபுட்டேஜ்தான். மேட்ச் வீடியோ போர்டுக்கோ சேனலுக்கோ சொந்தம், ஒலிம்பிக்னா மொத்தமும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு, செகண்ட் கணக்குல காசு, எந்த நாடு, எத்தனை வருஷம், டிவியா ஓடிடியான்னு ஒவ்வொண்ணுக்கும் தனி ரேட். ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு முன்னாடியே கொட்டேஷன் வாங்கிடுங்க, எடிட் முடிச்சுட்டுக் கேட்டா அழ வேண்டி வரும், நான் ஒரு படத்துல பதினோரு செகண்டுக்காக நகை வச்சிருக்கேன். வாங்க முடியலன்னா பழைய ஆளை அதே கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் காலி கேலரி முன்னாடி அந்த கோலை வாயால சொல்லச் சொல்லுங்க, பல நேரம் வீடியோவை விட அது நல்லா இருக்கும். பழைய பத்திரிகைக்கு கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா நூலகம் ரெண்டும் போயிடுங்க, போனுக்குள்ள உக்காந்துட்டு எல்லாம் தேடிடலாம்னு நெனைக்காதீங்க. குடும்ப ஆல்பத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, சின்ன ஸ்கேனர் கொண்டு போய் அவங்க கண் முன்னாடி ஸ்கேன் பண்ணிட்டு அங்கயே திருப்பிக் குடுங்க, போட்டோ பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ சீல், தேதி, பேர் எல்லாம் அங்கதான் இருக்கும். ஃபண்டுக்கு கொல்கத்தால நடக்கற டாக்எட்ஜ், வெளிநாட்டுல இட்ஃபா டாக்குமெண்டரி விழாவோட ஃபண்ட், அமெரிக்கால சன்டான்ஸ், இதெல்லாம் இந்த வேலைல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச பேருங்கதான். நான் இன்னிக்கும் வருஷத்துல நாலு மாசம் கம்பெனி வீடியோ பண்ணித்தான் வாடகை கட்டறேன்.

படத்துல வர்றவங்க சம்மதம்னு கையெழுத்து போடற ரிலீஸ் ஃபார்ம் தமிழ்ல இருக்கட்டும், நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. "உலகம் முழுக்க, எந்த மீடியாவிலும், எந்தக் காலத்துக்கும்"னு ஒரு வரி வரும், அந்த இடத்துல நிறுத்தி, உங்க பேரப்புள்ளைங்க காலத்துல கூட இது ஓடலாம்னு சொல்லுங்க. ஒரு காப்பி அவங்ககிட்ட. ரஃப் கட்டை, அதாவது முதல் எடிட்டை, அவங்க வீட்டுக்கே லேப்டாப் கொண்டு போய்க் காட்டறேன், அது வேணாம் இது வேணாம்னா படம் எப்படி முடியும்னு சில நண்பர்கள் என்கிட்ட சண்டைக்கு வராங்க, என் அனுபவத்துல யாரும் கதையை எடுக்கச் சொன்னதில்ல, ஒரு பேரை எடுக்கச் சொல்வாங்க, ஒரு தடவை ஒரு அக்கா கொடில தொங்கின நைட்டியை எடுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

இப்ப நான் தோண்டிட்டு இருக்கறது ராயபுரம் பக்கம் பழைய பாக்ஸர்ஸ் கதை. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்ங்கற பாக்ஸர்கூட எக்ஸிபிஷன் பவுட், சும்மா காட்சிக்கு ஆடற ஆட்டம், எம்.ஜி.ஆர். வந்திருந்தாரு. அதை நேர்ல பாத்த ஒரு பெரியவர் கிடைச்சாரு, ஹார்பர்ல மூட்டை தூக்கிட்டே பாக்ஸிங் ஆடினவரு, எண்பதை நெருங்கற வயசு, மூக்கு ரெண்டு இடத்துல ஒடைஞ்சு வளைஞ்சிருக்கும். போன வாரம் மூணாவது தடவை போனேன். அவர் பொண்ணு வஞ்சிரம் வறுத்து வச்சிருந்தாங்க, சாப்பிட்டுட்டுத்தான் மைக் மாட்டினோம். அலி எப்படி நடந்து வந்தாரு, கால் எப்படி தரைல படாம போச்சுன்னு உக்காந்த இடத்துலேர்ந்தே தோளை ஆட்டிக் காட்டினாரு. அன்னிக்கு நைட்டு எங்க சாப்பிட்டீங்கய்யான்னு கேட்டேன். மூர் மார்க்கெட் பக்கத்துல கையேந்தி பவன்ல நாலு பேர் சேர்ந்து பரோட்டான்னாரு, சால்னா மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினோம்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "அலி எங்க சாப்பிட்டிருப்பாரு பாப்பா?"ன்னாரு.

மெட்ராஸ்ல எங்கன்னு தேடிச் சொல்றேன்யான்னேன். ஆனா வேற ஒண்ணு தெரியும்னு, அலி பிற்காலத்துல சொன்ன கதையைச் சொன்னேன். 1960, ரோம் ஒலிம்பிக், பதினெட்டு வயசு, அப்ப பேரு கேசியஸ் க்ளே, தங்கம் வாங்கிட்டு சொந்த ஊர் லூயிவில் திரும்பினப்புறம் ஒரு ஹோட்டல்ல சாப்பிடப் போனாரு, கருப்பங்களுக்கு இங்க பரிமாற மாட்டோம்னு அனுப்பிட்டாங்கன்னு.

பெரியவர் ரொம்ப நேரம் பேசல. நான் எண்ணிட்டு இருந்தேன், பத்தும் தாண்டிருச்சு. கை தானா நெஞ்சுக்குப் போச்சு, சட்டை பட்டனைத் தடவிட்டே கேட்டாரு.

"மெடலை கழுத்துல போட்டுகினா போனாரு?"

ஆமாய்யா, கழுத்துலதான் இருந்துச்சுன்னு சொல்லிருக்காருன்னேன்.